மே மாதம் தண்ணீர் ஊற்றாதீர்கள்

அன்னத்தாயை நான் முதலில் பார்த்தபோது அவள் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். வார்த்தை பாதிதான் வெளியே வந்தது. திட்டு முழுதாக இருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வலது கை மடியில் கிடந்தது, இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். கஞ்சியில் உப்பில்லை என்பது விஷயம். நான் பையைக் கீழே வைத்துவிட்டு, "உப்பு கிடையாது. நாளைக்கும் கிடையாது," என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு இது?"

"உங்களப் பாத்துக்க வந்த சிஸ்டர், அத்தை," என்றாள் மருமகள் ஜான்சி.

"சிஸ்டரா? எங்க அம்மய மாதிரில்லா இருக்கு."

பக்கவாதம் வந்தவர்களில் கோபமும் கிண்டலும் மிச்சமிருப்பவர்கள் சீக்கிரம் எழுந்துவிடுவார்கள். இது என் அனுபவம். அன்றைக்கே எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஜூன் மாதத் தொடக்கம். மழை இன்னும் இறங்கவில்லை. மும்பை சுனாபட்டியில் ஒற்றை அறை வீடு, ஏணி வைத்து மேலே ஒரு பரண். மகன் குவைத்தில். ஜான்சி தாராவியில் ஒரு தையல் பட்டறையில் வேலை பார்த்தாள். அவள் காலையில் போனால் மாலையில்தான் வருவாள் என்பதால் பகலுக்கு நான். முதியோரையும் படுக்கையில் கிடப்பவர்களையும் கவனிக்க முறையாகப் பயிற்சி எடுத்தவள் நான். தூக்குவது, திருப்புவது, குளிப்பாட்டுவது, கை கால்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஆறுதல் சொல்வது என் வேலையில் சேர்த்தி இல்லை. அதற்கு வேறு ஆட்கள் நிறைய வருவார்கள்.

அன்னத்தாய்க்கு நிறையவே வந்தார்கள். ஒவ்வொருவரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "திடல் நல்லா இருக்குக்கா, ஒண்ணும் யோசிக்காத," என்றுவிட்டுப் போனார்கள். மாடு நன்றாக இருக்கிறது, மகன் நன்றாக இருக்கிறான் என்று சொல்வதில் எனக்கு ஆச்சரியமில்லை. திடல் என்றால் என்ன?

அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வாரம் ஆனது. அவளுக்குப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, கதையும் அப்படியேதான் வந்தது. இங்கே கோர்வையாகச் சொல்கிறேன்.

அன்னத்தாய்க்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமாகித் தாராவிக்கு வந்தாள். புருஷன் தோல் பதனிடும் பட்டறையில் வேலை. பட்டறை ஊரைவிட்டுப் போனபோது வேலை போயிற்று. கொஞ்ச வருடத்தில் அவரும் போனார். மாதுங்காவில் ஒரு கோவில் வாசலில் மாட்டோடு உட்கார்ந்திருந்த மராத்திக்காரக் கிழவி ஒருத்தி, மகளோடு போய் இருக்கப்போகிறேன் என்று தன் மாட்டையும் இடத்தையும் இவளிடம் விட்டுப் போனாள். மும்பைக்காரர்களுக்கு இந்தத் தொழிலை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: மாட்டைக் கட்டிவிட்டுப் பக்கத்தில் புல்கட்டுகளோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் காசு கொடுத்து ஒரு கட்டு வாங்கி, அதே மாட்டுக்கு ஊட்டி, முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். புண்ணியம் அவர்களுக்கு, புல் மாட்டுக்கு, காசு இவளுக்கு.

"புருஷன் தோல ஊறப்போட்டான், பொண்டாட்டி புல்ல ஊட்டுதாங்கன்னு எங்க தெருவுல சிரிப்பாவ," என்றாள் அன்னத்தாய். "நானும் சேந்து சிரிப்பேன். என்ன செய்ய, ரெண்டும் மாடுதான்."

பிறகு மாநகராட்சி தெருவில் மாடு கட்டக்கூடாது என்று பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தது. அந்தக் கோவிலுக்குத் தினமும் வந்து ஒரு கட்டு ஊட்டிவிட்டுப் போன பாங்க் அதிகாரி வேங்கடசுப்ரமணியன் அப்போது ஓய்வு பெற்று, செம்பூரில் ஒரு சிறிய கோசாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயதான மாடுகளைக் கடைசிவரை வைத்திருக்கும் இடம். "மாட்ட அங்க கொண்டு வந்து கட்டுங்கோ. கொட்டில் பின்னாடி ஒரு நிலம் சும்மா கிடக்கறது. அதை நீங்க பாத்துக்கணும்," என்றார். அன்னத்தாயும் அவள் மாடு செவலையும் செம்பூருக்குக் குடிபோனது அப்படித்தான். அவள் மட்டும் சாயந்திரம் வீட்டுக்கு வருவாள்.

அந்த நிலம்தான் திடல். கொட்டிலுக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர்வரை நீளமாகக் கிடப்பது. மழைக்காலத்தில் முழங்காலுக்குப் புல் நிற்கும். மழை விட்டதும் புல் முற்றி, பழுத்து, நார் மாதிரி ஆகிவிடும். பல் தேய்ந்த மாடுகள் அதைத் தொடாது. குளிர்மாதங்களில் பச்சை இல்லாமல் வைக்கோலை மென்றே காலம் தள்ளும்.

ஒரு வருடம் கோடை தொடங்கும் நேரத்தில், பக்கத்தில் தபேலா என்கிற எருமைத் தொழுவம் வைத்திருந்தவர் முற்றிப்போன பர்சீம் ஒரு வண்டி கொண்டு வந்து இலவசமாகக் கொட்டிவிட்டுப் போனார். ஆங்கிலத்தில் கிளோவர் என்கிறார்களே, அந்த வகைத் தீவனம். காம்புக்கு மூன்று இலை, உருண்டையாக வெள்ளைப் பூ. வட இந்தியத் தபேலாக்காரர்கள் குளிர்காலத்தில் கறவை எருமைக்கு அதைத்தான் தேடுவார்கள். இங்கே வந்தது பூவெல்லாம் காய்ந்து விதை கட்டியது. மாடுகள் தின்றன, திடலில் சாணி போட்டன, மழை வந்தது, போனது. மழை போன பிறகு, புல் பழுக்கிற நேரத்தில், பழைய சாணி கிடந்த இடங்களிலெல்லாம் மூன்று இலைக் குருத்துகள் வந்து நின்றன.

தபேலாக்காரர் வந்து பார்த்துச் சிரித்தாராம். இது குளிருக்குப் பிறந்த செடி, பம்பாய் வெயிலில் ஒரு கோடை தாங்காது, நாங்களே வருடா வருடம் விதை வாங்கித்தான் போடுகிறோம் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கோடை வந்ததும் வேரோடு செத்தது. ஆனால் அடுத்த கார்த்திகையில் மறுபடி வந்தது. அதற்கடுத்த கார்த்திகையிலும். செவலையும் மற்ற கிழட்டு மாடுகளும் குளிர்மாதங்களில் பச்சை தின்றன. இதுதான் திடல்.

வேங்கடசுப்ரமணியன் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். வாசலுக்கு வெளியே வந்து என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

"சிஸ்டர், டிரஸ்ட்ல முடிவு பண்ணியாச்சு. இந்த வருஷம் வெளில பச்சைத் தீவனம் வாங்க வழியில்ல. தீபாவளி கழிஞ்சு ஒரு லாரி வருது. கர்ஜத் பக்கம் எங்களோட பெரிய பண்ணை இருக்கு. திடல்ல பச்சை வந்துடுத்துன்னா மாடெல்லாம் இங்கயே இருக்கும். வரலேன்னா அனுப்பணும். செவலையும் சேத்துதான்."

"அன்னத்தாயிடம் சொன்னீர்களா?"

"இந்த நிலைமையில எப்படிச் சொல்றது?"

நல்ல மனிதர். அழுதுவிடுவார் போலிருந்தது. நான் பழத்தை வாங்கி உள்ளே வைத்தேன்.

சொல்லியிருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவளுக்கு இன்னும் சுவர் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. திடல் நன்றாக இருக்கிறது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள், பச்சை வந்தால் கேள்வியே இல்லையே என்று விட்டுவிட்டேன்.

மழைக்காலம் முழுவதும் எங்களுக்கு வேலை இருந்தது. காலையில் கை விரல்கள், பிறகு தோள், பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுந்திருப்பது. அன்னத்தாய் முனகுவாள், என் பரம்பரையை இழுப்பாள், ஆனால் ஒருநாளும் நாளைக்குப் பார்ப்போம் என்று சொன்னதில்லை. இந்தத் தொழிலில் அப்படி ஒரு நோயாளி அமைவது அரிது. அதற்காக நான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். சொன்னதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

புரட்டாசி பிறந்ததும் அவள் ஒருநாள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"சிஸ்டர், மன்சூர் அலி ஏன் வர மாட்டேங்கான்?"

மன்சூர் அலி மேலப்பாளையத்துக்காரர், தண்ணீர் டேங்கர் லாரி ஓட்டுபவர். கோசாலைக்குத் தண்ணீர் கொண்டு வருகிறவர், அன்னத்தாயை அக்கா என்று கூப்பிடுகிறவர். அவள் மயங்கி விழுந்தபோது லாரியிலேயே தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது அவர்தான். ஆஸ்பத்திரிக்குத் தினம் வந்தவர், மழை பிடித்த பிறகு வருவதை நிறுத்திவிட்டார்.

"வேலை இருக்கும்."

"இருக்காது. வாறவ எல்லாரும் திடல் நல்லா இருக்குங்காவ. எப்படி நல்லா இருக்குன்னு கேட்டா பேச்ச மாத்துதாவ. நீ பொய் சொல்ல மாட்ட. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை ஜான்சி வீட்டில் இருந்தாள். நான் ஷேர் ஆட்டோ பிடித்துச் செம்பூர் போனேன். கொட்டிலுக்குப் பின்னால் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது பச்சை வலை. கட்டடம் கட்டும்போது மேலே கட்டுவார்களே, அது. துண்டு துண்டாகத் தைத்து, கம்பு நட்டு, திடல் முழுவதையும் சுற்றி அடைத்திருந்தது. ஜான்சியின் தையல், பார்த்தாலே தெரிந்தது. மாடுகள் வலைக்கு வெளியே சேற்றில் நின்றன. வலைக்கு உள்ளே என் இடுப்புவரை புல். விலக்கிப் பார்த்தேன். அடியில் இருட்டு, ஈரம், வெளுத்த புல்லடிகள். மூன்று இலை எங்கும் இல்லை. ஒன்றுகூட.

மன்சூர் அலி அன்றைக்குத் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் லாரிக்கு மறுபக்கம் போனார். நானும் மறுபக்கம் போனேன்.

"மே மாசம் அக்கா ஆஸ்பத்திரில பேச்சில்லாம கெடக்காங்க," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "இங்க வந்து பாத்தா திடல் மொத்தம் காஞ்சு செத்துக் கெடக்கு. எனக்கு மனசு கேக்கல. ஒவ்வொரு ட்ரிப்பும் முடிஞ்சு டேங்கர்ல கீழ கொஞ்சம் பாக்கி நிக்குமில்லா, அதக் கொண்டு வந்து ஊத்துனேன். தாராவில அக்காவோட பழைய தெருக்காரங்க கூட வந்து பைப்பப் பிடிச்சாங்க. கடவுள் புண்ணியத்துல குருத்து விட்டுது சிஸ்டர். பச்சப் பசேல்னு. நாங்க எல்லாரும் அழுதுட்டோம். அக்கா வந்து பாக்கட்டும்னு இருந்தோம்."

"அப்புறம்?"

"மழை வந்துச்சு. தண்ணி நின்னுச்சு. அவ்வளவும் அழுகிப் போச்சு. நான் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு வர?"

மே மாதத்தில் டேங்கர் தண்ணீருக்கு இந்த ஊரில் என்ன அடிதடி நடக்கும் என்று நமக்குத் தெரியும். அதைக் கொண்டுபோய்ப் புல்லுக்கு ஊற்றியிருக்கிறார்கள், வரிசையில் நிற்கும் குடங்களை விட்டுவிட்டு. எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் போய்ச் சொல்லியாக வேண்டும்.

திரும்பி வந்து கை கழுவிவிட்டு, கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர், குருத்து, அழுகியது, வலை, இடுப்பளவு புல், லாரி, கர்ஜத். ஜான்சி நடுவில் "சிஸ்டர், வேண்டாம்," என்றாள். நான் நிறுத்தவில்லை. கெட்ட செய்தியைத் துண்டு துண்டாகச் சொல்வதில் யாருக்கும் பிரயோஜனமில்லை.

அன்னத்தாய் அழுவாள் என்று ஜான்சி நினைத்தாள். அழவில்லை. 

"மே மாசமா ஊத்துனான்?"

"ஆமாம்."

"கிறுக்குப் பய." அதில் கோபமில்லை. "அது செத்துக் கெடக்கத்தான் வேணும். அதுக்கு அதான் தூக்கம்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "மாடு எங்க நிக்கி?"

"வலைக்கு வெளியே."

"ஏட்டி ஜான்சி. வலையா கெட்டுன?"

"மாடு மிதிச்சு மிச்சமிருக்கறதும் போயிருமேன்னு கெட்டுனேன், அத்தை."

"பிரிச்சுப் போடு. எல்லா மாட்டையும் உள்ள விடு. ஒண்ணு விடாம. தரை தெரியுத மட்டும் திங்கட்டும். நல்லா மிதிக்கட்டும்."

ஜான்சி என்னைப் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள்.

"சிஸ்டர், மூளையில அடிச்சதுல ஏதோ பேசுதாங்க. இருக்கறதையும் மாட்ட விட்டு அழிக்கச் சொல்லுதாங்க. நாளைக்கு லாரி வந்து செவலைய ஏத்திட்டுப் போச்சுன்னா இந்த ஆளு தாங்காது. அப்ப யாரு பதில் சொல்ல?"

அவள் பயம் நியாயமானது. பக்கவாதம் சிலருக்குப் புத்தியையும் கலைத்துவிடும். வேளையும் ஆளும் மாறிப்போகும். அதைச் சோதிக்க எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்றைக்கு என்ன கிழமை?" என்றேன்.

"ஞாயிறு. அதான் அவ வீட்ல இருக்கா."

"நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள்?"

"உப்பில்லாத கீரை. அதயும் நீ பாதி தின்ன."

"மாடு மிதித்தால் செடி எப்படி வரும்? எனக்குப் புரிகிற மாதிரிச் சொல்லுங்கள்."

அவள் சொன்னாள். பேச்சு அவளுக்கு இன்னும் மேட்டில் வண்டி இழுக்கிற மாதிரிதான், நின்று நின்று வந்தது. பங்குனி வந்தால் அவள் அறுக்க மாட்டாள், மாட்டையும் விட மாட்டாள். பூக்க விடுவாள். தேனீ வரும், பூ காயும், விதை கொட்டும். இந்த வருடமும் அது எல்லாம் முடிந்த பிறகுதான் அவள் விழுந்தாள். கொட்டின விதையில் ஒரு பங்கு மெல்லிய தோல், ஈரம் பட்டதும் முளைத்துவிடும். அது எந்த வருடமும் முதல் மழைக்கு முளைத்து, நடு மழையில் அழுகும். இந்த வருடம் மன்சூர் ஊற்றியதால் கொஞ்சம் முன்னாலேயே முளைத்தது, அவ்வளவுதான். ஆனால் மற்ற விதைக்குத் தோல் கல் மாதிரி. தண்ணீர் உள்ளே போகாது. மாட்டு வயிற்றுக்குள் போனாலும் அப்படியே வெளியே வரும். "மொதல்ல எனக்கு அப்படித்தான வந்துது, சாணிக்குள்ள." அது கோடையையும் மழையையும் மண்ணுக்குள் படுத்தே கழிக்கும். வருடா வருடம் அவசரப்பட்டது செத்து, படுத்துக் கிடந்தது மட்டும் பூத்து விதைப்பதால், இப்போது திடலில் கல் தோல்தான் அதிகம். அக்டோபர் வெயில் அந்தத் தோலை இளக்கும். ஆனால் தலைக்கு மேலே இடுப்பளவு புல் நின்றால் வெயில் எப்படி மண்ணில் படும்? முளைத்தாலும் இருட்டில் வெளுத்துச் செத்துப்போகும்.

"அதனால புல்ல ஒழிக்கணும். அறுத்தா கொஞ்ச நாள் ஒக்காந்துட்டுத் திருப்பி எந்திரிச்சிரும். மாடு கடிச்சு மிதிச்சாத்தான் அடங்கும். ஒவ்வொரு புரட்டாசியும் இதத்தான செய்யுதேன். நீங்க ஒருத்தரும் பாத்ததில்ல."

நான் வெளியே வந்தேன். "ஜான்சி, புல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆளைப் பற்றித் தெரியும். புத்தி தெளிவாக இருக்கிறது. அவர் திடல், அவர் மாடு. சொன்னதைச் செய்."

ஜான்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தான் தைத்ததைத் தானே பிரித்தாள் பாவம்.

மாடுகள் உள்ளே போயின. அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைப் பார்த்தவர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். புல் கரைந்தது, தரை தெரிந்தது, குளம்பும் சாணியும் தவிர எதுவுமில்லை. வேங்கடசுப்ரமணியன் போனில் என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், நிலம் மொட்டையடிச்ச மாதிரி இருக்கே," என்றார். அன்னத்தாயிடம் போனைக் கொடுத்தேன். "அப்படித்தான் இருக்கணும் சாமி," என்று சொல்லிவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

ஐப்பசி வெயில் மண்டையைப் பிளந்தது. நாங்கள் தெருமுனைவரை நடக்க ஆரம்பித்திருந்தோம், அவள் கையில் ஊன்றுகோல், நான் வலப்பக்கம். தீபாவளிக்கு ஜான்சி முறுக்கு சுட்டாள், உப்பில்லாமல் எனக்கும் அவளுக்கும் தனியாக. அதைத் தின்றது அன்புக்காக மட்டும்தான்.

தீபாவளி முடிந்து காலையில் காற்று கொஞ்சம் குளிர்ந்ததும் அன்னத்தாய் சொன்னாள்: "மன்சூர வரச் சொல்லு."

மன்சூர் அலி வந்தார். வாசற்படியிலேயே நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"உள்ள வாலே. என்ன, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நிக்க?"

"அக்கா, நான் தெரியாம..."

"தெரியாமத்தான். தெரிஞ்சா எவன் ஊத்துவான்? ஊரு மொத்தம் தண்ணிக்குக் காயும்போது என் திடலுக்கு ஊத்திருக்க. அத நான் குத்தம் சொல்லுவனா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனதும் நீதான." மூச்சு வாங்கினாள். "இப்பத்தான் தண்ணி வேணும். மழை போயிட்டு. மண்ணு காஞ்சு கெடக்கு. இப்ப ஊத்து. கொட்டாத, தெளி. ஈரம் காயாமப் பாத்துக்க. மாட்டக் கொட்டில்ல கட்டிப் போடச் சொல்லு."

"அதே தண்ணிதான் அக்கா, அதே டேங்கர்தான்," என்றார் மன்சூர் அலி, இன்னும் நம்பிக்கை வராமல்.

"மாசந்தான் வேற. போ."

மே மாதம் பைப் பிடித்த அதே தாராவிக்காரர்கள்தான் மறுபடி பிடித்தார்கள். பூவாளி போலத் தெளிக்க, பைப்பின் வாயில் ஒரு பழைய டப்பாவை ஓட்டை போட்டுக் கட்டினார்களாம். நான் பார்க்கப் போகவில்லை. எனக்கு இங்கே படிக்கட்டுப் பயிற்சி இருந்தது.

லாரி வருகிற தேதிக்கு முந்தின நாள் வேங்கடசுப்ரமணியன் திடலைப் பார்க்க வருவதாகச் சொன்னார். அன்னத்தாயை ஆட்டோவில் கூட்டிப்போனோம்.  அவள் இடது கை ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்திருந்தது, வலது கை அதன்மேல் கிடந்தது. கோசாலை வாசலில் இறங்கியதும் என் தோளைப் பிடிக்காமல் தானே நடந்தாள். செவலை கொட்டிலிலிருந்து கத்தியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போனாள்.

நின்று பார்த்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பழுப்பு மண், காய்ந்த சாணி. பிறகு கண் பழகியது. குளம்புத் தடங்களில், சாணி ஓரங்களில், சுவர் நிழல் எட்டாத இடங்களிலெல்லாம் விரல் நுனி அளவுக்குப் பச்சை. காம்புக்கு மூன்று. எல்லா இடத்திலும் இல்லை. சாக்கடை ஓரம் மொத்தமும் வெறுமை. மே மாதத் தண்ணீர் தேங்கி, கல் தோலையும் ஊறவைத்து அழுகவைத்தது அங்கேதான். ஆனால் நடுவிலும் சுவர்ப்பக்கமும் பரவலாக இருந்தது. கால் வைக்கத் தயங்கினேன்.

வேங்கடசுப்ரமணியன் வேட்டியைத் தூக்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, ஒரு குருத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இது மாட்டுக்கு ஆகறதுக்கு இன்னும் நாளாகுமே?"

"மார்கழில மொத அறுப்பு," என்றாள் அன்னத்தாய். "அதுவரைக்கும் வைக்கோல் போடுங்க சாமி. ஆனா எல்லா மாட்டுக்கும் காணாது. பாதி போனது போனதுதான். பாதி மாட்டுக்குத் தாங்கும்."

அவள் முழு மாட்டுக்கும் தாங்கும் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு, திடகாத்திரமான மாடுகள் கர்ஜத் போகட்டும், பல் போனவை இங்கேயே இருக்கட்டும், அடுத்த வருடம் போனவற்றைத் திரும்பக் கொண்டு வருவோம் என்றார். செவலைக்குப் பல் போய் வருடங்களாகிவிட்டன.

 அதன் பிறகுதான் அன்னத்தாய் கொட்டிலுக்குப் போனாள். செவலை அவள் வலது கையை நக்கியது. "ஏ, அதுல உணர்ச்சி இல்ல, இந்தக் கைய நக்கு," என்று இடது கையை நீட்டினாள். நான் சும்மா இருந்திருக்கலாம், ஆனால் சொன்னேன்: "அதையே நக்கட்டும். சொரசொரப்புப் படுவது நல்லது." அதற்குப் பிறகு வாரம் இருமுறை அதுவும் எங்கள் பயிற்சியில் சேர்ந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத பயிற்சி.

மன்சூர் அலி வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு குருத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, செவலைய ஒரே ஒரு வாய் கடிக்க விடட்டா?"

"மார்கழிக்கு முன்னால எவனாவது மாட்ட அவுத்தான், கைய ஒடிச்சிருவேன்."

"எந்தக் கையால?"

அவள் சிரித்த சிரிப்பில் வாய்க்கோணல் பாதி நேராகியிருந்தது. அதையும் கவனித்துக்கொண்டேன்.

பொங்கலுக்குத் திடல் கணுக்கால் மூடப் பச்சையாக இருந்தது. மாட்டுப் பொங்கலன்று செவலைக்குக் கொம்பில் குங்குமம் வைத்து, அன்னத்தாய் இடது கையாலேயே அறுத்த ஒரு கட்டைப் போட்டாள். எனக்கும் ஒரு கட்டு கொடுத்தாள், நீயும் ஊட்டு, புண்ணியம் வரும் என்று. காசு வேண்டாமா என்றேன். உப்புப் போட்டுச் சோறு போடு, கணக்குச் சரியாகும் என்றாள். போடவில்லை.

மாசியோடு என் வேலை முடிந்தது. அவள் தானே குளிக்கிறாள், தானே பஸ் ஏறுகிறாள். எனக்குத் திலக் நகரில் வேறு நோயாளி. போகும்போது ஜான்சி எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள், அளவெடுக்காமலே கச்சிதமாக. நான் அந்தக் குடும்பத்துக்குச் செய்தது கூலிக்கான வேலை. அவர்கள் எனக்குக் கொடுத்தது நம்பிக்கை: பொய் சொல்லாத ஆள் என்று ஒரு வீட்டின் முடிவையே என் வார்த்தையில் விட்டார்கள். ஜான்சி அன்றைக்குக் கத்தரிக்கோலை எடுத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு நன்றிதான் வருகிறது.

மே மாதம் அந்தப் பக்கம் போகிற வேலை இருந்தது. கோசாலைக்குள் எட்டிப் பார்த்தேன். திடல் முழுக்கக் காய்ந்து, பழுத்து, மிதித்தால் நொறுங்குகிற மாதிரிக் கிடந்தது. அன்னத்தாய் சுவர் நிழலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், ஊன்றுகோல் மடியில். மன்சூர் அலியின் டேங்கர் உள்ளே வந்து நின்றது. அவர் இறங்கி, இடுப்பில் கை வைத்துத் திடலைப் பார்த்தார்.

"அக்கா, எல்லாம் சுத்தமாச் செத்துக் கெடக்கு. திருப்தியா?"

"ரொம்பத் திருப்தி," என்றாள். "பாக்கித் தண்ணி இருந்தா கொண்டு போய்க் குடத்துக்காரிகளுக்கு ஊத்து."